எந்த மைதானம், ஹஜ்ரத்?

 

ரமளான் இரவுகளில் தராவீஹ் தொழுகை முடிந்த பிறகு நம் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று என்றைக்காவது பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். சேலம் பழைய நகரத்தில் கடைத்தெரு ஒன்று. கடைகளெல்லாம் மூடிக் கிடந்தன. தெருவிளக்கு வெளிச்சத்தில் நான்கு செங்கல்லை அடுக்கி வைத்து, ஸஹர் நேரம் வரைக்கும் கிரிக்கெட். பந்து ஷட்டரில் பட்டு டமார் என்கிறது. மாடியில் கைக்குழந்தையைத் தூங்க வைக்கப் பாடுபடும் ஒரு தாய் ஜன்னலைத் திறந்து திட்டுகிறார். ஆட்டோ வந்தால் ஆட்டம் நிற்கிறது. போலீஸ் ஜீப் வந்தால் ஆட்டக்காரர்களே காணாமல் போகிறார்கள்!

ஓடிவந்து என் பக்கத்தில் ஒதுங்கிய ஒரு பையனிடம், "ஏம்ப்பா, இதை மைதானத்தில் போய் விளையாட வேண்டியதுதானே?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "எந்த மைதானம், ஹஜ்ரத்?" என்றான்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பதிலைத் தேடி அலைந்ததன் பலன்தான் இந்தத் தலையங்கம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். மிம்பரில் நின்று, "விளையாட்டு வீண், பொழுதுபோக்கு ஷைத்தானின் வலை" என்று முழங்கியவர்களில் நானும் ஒருவன். மதரஸாவில் ஓதிய காலத்தில் அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையே எங்களுக்குக் கிடைத்த அந்த ஒரு மணி நேரப் பந்து விளையாட்டு எவ்வளவு இனித்தது என்பதை மறந்துவிட்டுப் பேசினேன். பெருநாள் அன்று அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு ஆடியது மஸ்ஜிதுந் நபவியில் அல்லவா? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தியை நாம் எத்தனை ஜும்ஆவில் சொல்லியிருக்கிறோம்? நிழலான நல்ல இடத்தை நாம் கொடுக்காவிட்டால், இருட்டான கெட்ட இடத்தை வேறு யாரோ கொடுப்பார்கள். மாத்திரையும் கஞ்சாவும் எந்தெந்த முட்டுச்சந்துகளில் கைமாறுகின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கூடுதலாக விளக்க வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருவோம். நம் ஊரில் மைதானமே இல்லையா? இருக்கிறது! யாருடையது என்பதில்தான் சிக்கல். மகாத்மா காந்தி விளையாட்டரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம் இருக்கிறது. அந்த ஆணையம் 1992-ல் உருவானது. பூங்காக்களும் நேரு கலையரங்கமும் மாநகராட்சியிடம். அரசுப் பள்ளி மைதானம் கல்வித் துறையிடம். குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா வனத் துறையிடம். ஏற்காட்டில் படகு இல்லம் சுற்றுலாத் துறையிடம், அதே ஊரின் அண்ணா பூங்கா தோட்டக்கலைத் துறையிடம். காலியாகக் கிடக்கும் புறம்போக்கு வருவாய்த் துறையிடம். இத்தனை கைகளில் இத்தனை இடங்கள் இருக்கின்றன. ஆனால், "இந்த வார்டில் இத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், இவர்கள் மாலையில் எங்கே போவார்கள்?" என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் கை ஒன்றுகூட இல்லை!

ஒரு பள்ளி மைதானத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் திறந்துவிடக் கேட்டு மஹல்லா இளைஞர்கள் நான்கு பேரோடு நானும் போனேன். தலைமை ஆசிரியர் நல்ல மனிதர். "எனக்கு ஆட்சேபணை இல்லை, மேலிடத்தில் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள்" என்றார். மேலிடத்தில், "மைதானத்துக்குச் சுவர் கட்டியது வேறு துறை, அவர்களைக் கேளுங்கள்" என்றார்கள். அந்தத் துறையில், "சாவி எங்களிடம் இல்லையே, பள்ளிக்கூடத்தில் கேளுங்கள்" என்றார்கள். மூன்று வாரம் அலைந்து, புறப்பட்ட வாசலிலேயே வந்து நின்றோம். யாரும் எங்களை அவமதிக்கவில்லை. யாரும் லஞ்சம் கேட்கவில்லை. எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் அனுப்பினார்கள். பூட்டு மட்டும் திறக்கவில்லை!

சகோதரர்களே, பொது மைதானங்களைத் திருடன்தான் விழுங்குவான் என்று நினைக்காதீர்கள். நல்ல காரியங்களும் விழுங்கும். சென்னையின் வரலாற்றைப் பாருங்கள். 1859-ல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், நெரிசலில் மூச்சு முட்டிய ஜார்ஜ் டவுன் மக்களுக்காக ஒரு பெரும் பூங்கா வேண்டும் என்று முனைந்தார். பீப்பிள்ஸ் பார்க் என்று பெயர், 116 ஏக்கர் பரப்பு. அந்தப் பூங்கா இன்று எங்கே? விக்டோரியா பொது மண்டபம் வந்தது. 1900-ல் மூர் மார்க்கெட் வந்தது. 1913-ல் ரிப்பன் மாளிகை வந்தது. பிறகு விளையாட்டு அரங்கம் வந்தது. மிருகக்காட்சிச் சாலை 1985-ல் வண்டலூருக்குப் போயிற்று. அதே ஆண்டில் மூர் மார்க்கெட் எரிந்து, அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் எழுந்தது. ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவையான காரியம்தான். ஒவ்வொன்றையும் கட்டியவர்கள் பொதுநலம் பேசித்தான் கட்டினார்கள். கடைசியில் பூங்கா மட்டும் மிஞ்சவில்லை!

நம் சேலத்து போஸ் மைதானத்தையும் நினைத்துப் பாருங்கள். பொதுக்கூட்டம் என்றால் போஸ் மைதானம், பொருட்காட்சி என்றால் போஸ் மைதானம். பழைய பேருந்து நிலையத்தை ஈரடுக்காகக் கட்ட சீர்மிகு நகரத் திட்டத்தில் முடிவானபோது, தற்காலிகப் பேருந்து நிலையம் வந்ததும் அங்கேதான். புதிய கட்டடம் 2023 ஜூனில் திறக்கப்பட்டது. ஊருக்குப் பேருந்து நிலையம் வேண்டாம் என்று யார் சொல்வார்? வியாபாரிகளாகிய நமக்குத்தான் அதனால் பலன் அதிகம். அத்தனை வருடங்கள் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எங்கே விளையாடினார்கள் என்ற கேள்வியை எந்த அலுவலகத்திலும் யாராவது ஒரு தாளில் எழுதி வைத்திருப்பார்களா? அதுதான் என் ஆதங்கம். பேருந்துக்கு மாற்று இடம் தேடுவது ஒரு அதிகாரியின் வேலை. பந்துக்கு மாற்று இடம் தேடுவது யாருடைய வேலையும் அல்ல.

"சட்டம் இல்லையா, ஹஜ்ரத்?" என்று இளைஞர்கள் கேட்பீர்கள். தாராளமாக இருக்கிறது! பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே ஒரு தனிச் சட்டம் வந்துவிட்டது. உள்ளாட்சி நிர்வாகம் தன் எல்லையில் உள்ள இப்படிப்பட்ட இடங்களுக்கெல்லாம் பட்டியலும் வரைபடமும் தயாரிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அரசியல் சாசனத்தின் 74-வது திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகளின் பொறுப்புகளை வரிசைப்படுத்தும் அதன் பன்னிரண்டாவது அட்டவணையில் பூங்காவும் விளையாட்டு மைதானமும் பெயர் சொல்லியே இடம் பெற்றிருக்கின்றன. பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக் கொடுத்தபோது, அந்தப் பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

இன்னொரு விதியையும் நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேல் மனைப்பிரிவு போடுகிறவர், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பூங்கா அல்லது விளையாட்டிடமாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 சதுர மீட்டருக்கு மேல், 10,000-க்குள் என்றால், இடமாகத் தரலாம், அல்லது அதற்கான மதிப்பைப் பணமாகக் கட்டலாம். நல்ல விதிதான். ஆனால் அதில் யாருக்குப் பங்கு கிடைக்கிறது என்று பாருங்கள்! புதிதாக மனை போடும் புறநகருக்குத்தான் பூங்கா வரும். கோட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை போன்ற பழைய பகுதிகளில் மனைப்பிரிவு போட ஏது நிலம்? சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஓடை ஓரம் வரை வந்துவிட்ட குடியிருப்புகள். விதி வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே குடியேறிய பாவத்துக்காக, நெருக்கம் அதிகமான இடத்துக்கு ஒதுக்கீடு இல்லை! இது நம் சமுதாயத்துக்கு மட்டும் நேர்ந்த அநீதி என்று தயவு செய்து எவரும் மேடை போட்டுப் பேசாதீர்கள். அதே சந்துகளில் தறி நெய்யும் குடும்பத்துப் பிள்ளைகளும், வெள்ளிப் பட்டறைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் பந்தும் அதே ஷட்டரில்தான் படுகிறது.

இடம் இல்லாத இடத்தில் பணம் படைத்தவன் புகுந்துகொள்கிறான். செயற்கைப் புல் விரித்த 'டர்ஃப்' மைதானங்கள் சேலத்திலும் நாமக்கல்லிலும் முளைத்திருப்பதைப் பார்க்கிறீர்கள். மணிக்கணக்கில் வாடகை. தொழில் செய்கிறவர் தன் சொந்த நிலத்தில் செய்கிறார், அவரைக் குறை சொல்வதற்கில்லை. பத்துப் பேர் பங்கு போட்டுக் கட்டிவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு ஆடப் போகிற நம் பையன்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். பங்கு போட முடியாத பதினோராவது பையன் எங்கே போகிறான் என்பதுதான் கேள்வி.

அரசாங்கமே அந்த வழியில் கால் வைத்ததுண்டு. 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி, செயற்கைப் புல் போட்ட தன்னுடைய 9 கால்பந்து மைதானங்களைத் தனியார் பராமரிப்புக்குக் கொடுக்கவும், ஆட வருகிறவரிடம் தலைக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கவும் தீர்மானம் போட்டது. வடசென்னையின் ஏழைப் பிள்ளை ஒருவன் வாரம் ஐந்து நாள் பயிற்சி எடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எதிர்ப்பு கிளம்பியது. கட்சி வித்தியாசம் இல்லாமல் குரல் எழுந்தது. சூட்டோடு சூடாகத் தீர்மானம் வாபஸ் ஆயிற்று. கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். புல்லைப் பராமரிக்கப் பணம் வேண்டும், காவலாளுக்குச் சம்பளம் வேண்டும். கட்டணமே வேண்டாம் என்கிறவர்கள், பராமரிப்பை யார் பார்ப்பது என்பதற்கும் விடை வைத்திருக்க வேண்டும்.

விளையாட்டில் ஜெயித்து என்ன ஆகப் போகிறது என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடத் தொடங்கி, 2020-ல் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்குப் பந்து வீசினார். ஊர் திரும்பிய அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் கிராமத்தில் சொந்தச் செலவில் மைதானம் கட்டி 2023-ல் திறந்தார். அவரை மனதார வாழ்த்துவோம்! அதே நேரம் வெட்கமும் படுவோம். உலகக் கிரிக்கெட் ஆடி வந்த ஒருவர் சொந்தக் காசைப் போட்டால்தான் ஒரு ஊருக்கு ஆடுகளம் கிடைக்கும் என்றால், மற்ற ஊர்களெல்லாம் ஒரு நடராஜன் பிறக்கும் வரை காத்திருக்க வேண்டுமா?

நாமக்கல் பக்கத்துச் சகோதரர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. உங்கள் ஊர் 2024-ல் மாநகராட்சியாக உயர்ந்தது. சுற்றுப்புறக் கிராமங்கள் உள்ளே வந்தன. அதே ஆண்டில்தான் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்கு மட்டை, பந்து, வலை என்று கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் வழங்கும் திட்டமும் தொடங்கியது. உங்களோடு இணைந்த கிராமங்களில் அந்த உபகரணங்கள் வந்தனவா, வந்திருந்தால் யார் பொறுப்பில் இருக்கின்றன என்று கேட்டீர்களா? உங்கள் மாவட்டத்துப் பள்ளிகளுக்குத் தமிழ்நாடு முழுக்கப் பெயர் உண்டு. உடற்பயிற்சிப் பாடவேளையையும் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டு மதிப்பெண் வாங்க வைக்கும் பள்ளிகளைப் பற்றிப் பெற்றோர்கள் பெருமையாகவே சொல்கிறார்கள். பண்ணையில் கோழி வளர்ப்பது போல் பிள்ளை வளர்க்கிறோமே என்று நாமக்கல்காரர்களிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் சொல்கிறேன்!

சரி, வழி என்ன? பழைய பகுதிக்குப் புதிய நிலம் வானத்திலிருந்து இறங்காது. இருக்கிற இடத்தை நேரம் பிரித்துப் பயன்படுத்துவது ஒன்றே வழி. பள்ளி மைதானம் மாலை ஆறு மணிக்கு மேல் யாருக்குத் தேவை? விடுமுறை நாளில் யாருக்குத் தேவை? சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய நம்மவர்களைக் கேளுங்கள். பள்ளி நேரம் போகப் பள்ளி மைதானங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட அங்கே தனித் திட்டமே உண்டு. 1960-ல் தொடங்கிய மக்கள் கழகத்தின் கீழ் பேட்டைக்குப் பேட்டை சமூக மன்றங்கள் இயங்குகின்றன. அந்தந்தப் பகுதி ஆட்களைக் கொண்ட குழுதான் அவற்றை நடத்துகிறது. அது பணக்கார நாடு, உண்மைதான். ஆனால் பூட்டைத் திறப்பதற்குப் பணம் வேண்டாம், பொறுப்பாளி ஒருவர் இருந்தால் போதும்.

சேலம் மாநகராட்சிக்கு 60 வார்டுகள், 4 மண்டலங்கள். மண்டலத்துக்கு ஓர் அதிகாரி, "பூங்காவும் மைதானமும் உங்கள் பொறுப்பு" என்று பெயர் போட்டு நியமிக்கட்டும். எந்தத் துறையின் இடமானாலும் சரி, அந்த மண்டலத்தில் உள்ள எல்லாத் திடலும் ஒரே பட்டியலில் வரட்டும். எந்த இடம், எந்த நேரம், யாருக்கு என்று வாசலில் பலகை வைக்கட்டும். முதலில் மாநகராட்சி தன்னுடைய சொந்தப் பள்ளிகளின் மைதானங்களைத் திறக்கட்டும், அதற்கு இன்னொரு துறையைக் கெஞ்ச வேண்டியதில்லை. மனைப்பிரிவுக்காரர்கள் இடத்துக்குப் பதிலாகக் கட்டிய பணம் எவ்வளவு, எங்கே செலவாயிற்று என்று கணக்குச் சொல்லட்டும். அதில் ஒரு பங்கு பழைய வார்டுகளுக்கு வரட்டும்.

இதையெல்லாம் எங்கே போய்க் கேட்பது? வார்டு குழு, பகுதி சபைகளுக்கான விதிகள் 2022-ல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ந் தேதி முதன்முதலாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராமத்துக்குக் கிராம சபை எப்படியோ, நகரத்துக்குப் பகுதி சபை அப்படி. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது விதி. நம்மில் எத்தனை பேர் அதற்குப் போயிருக்கிறோம்? "தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது" என்பதைத் தாண்டி எவராவது மைதானம் என்று வாய் திறந்தோமா? கேட்காததற்கு மாநகராட்சியைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதற்கு முன் இளைஞர்கள் வீட்டுப்பாடம் செய்ய வேண்டும். உங்கள் வார்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தே சுற்றி வாருங்கள். பூட்டிய பூங்கா, காலியான புறம்போக்கு, பள்ளி மைதானம், முட்செடி மண்டிய திறந்தவெளி என ஒன்று விடாமல் காகிதத்தில் குறியுங்கள். யார் பொறுப்பு என்று தெரியாத இடத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். 10 ரூபாய் செலவு, 30 நாளில் பதில் தர வேண்டும். 1959 சட்டப்படியான பட்டியலின் நகலையும் அதே மனுவில் கேளுங்கள். மாற்றுச் சமுதாய நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள். கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010-ல் சேலம் மக்கள் குழுவினர் கையில் எடுத்துத் தூர்வாரி, ஏரிக்குள் மண் திட்டுகள் அமைத்து மரம் நட்டார்களே, அதில் எந்தச் சாதி, எந்த மதம் என்று பறவைகள் கேட்டா வந்தன?

முத்தவல்லிகளிடமும் ஜமாஅத் நிர்வாகிகளிடமும் ஒரு கேள்வி. மாநகராட்சியின் பூட்டைப் பற்றி இவ்வளவு பேசினோம். நம் பூட்டு? மக்தப் முடிந்த பிறகு மதரஸா முற்றம் யாருக்காகப் பூட்டிக் கிடக்கிறது? கல்யாணம் இல்லாத நாட்களில் ஷாதி மஹாலின் வண்டி நிறுத்துமிடம் என்ன செய்கிறது? வக்ஃப் சொத்தை அதன் நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தச் சொல்லவில்லை. பத்திரத்தைப் பாருங்கள், ஆலிம்களைக் கேளுங்கள், அனுமதி உள்ள இடத்தை மட்டும் திறந்துவிடுங்கள். வாரத்தில் இரண்டு மாலை பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் என்று தனியாக ஒதுக்குங்கள். நம் வீட்டுப் பெண்களுக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருக்கிறது, "தினமும் நடங்கள்" என்று டாக்டர் எழுதிக் கொடுக்கிறார். எங்கே நடப்பார்கள்? மாடிப்படியிலா?

வியாபாரிகளே, உங்களிடம் கேட்பது சந்தா மட்டுமல்ல. மைதானம் காலியாகக் கிடந்தால் சரக்கு லாரி நிறுத்தலாமே என்று நமக்கும் ஓர் ஆசை வருகிறது. அந்த ஆசையை விட்டுக்கொடுங்கள். ஒரு திடலுக்கு ஒரு விளக்கு, ஒரு காவலாள் என்று நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து ஏற்றுக்கொண்டால், பராமரிப்புக்குப் பணம் எங்கே என்று மாநகராட்சி கேட்கும்போது பதில் சொல்லும் தைரியம் நமக்கு வரும்.

எங்கள் மஹல்லா இளைஞர்கள் வார்டைச் சுற்றி வந்து விட்டார்கள். பெரிய தாள் ஒன்றில் பென்சிலால் வரைந்து பள்ளிவாசல் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஏழு இடங்கள். ஐந்து பூட்டிக் கிடக்கின்றன, இரண்டில் குப்பை கொட்டப்படுகிறது. அன்று ஷட்டர் பக்கம் ஒதுங்கி நின்றானே, அந்தப் பையன்தான் அளவு நாடாவைப் பிடித்து அளந்தவன். அடுத்த பகுதி சபைக்கு அந்தத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவனோடு நானும் போகிறேன், இன்ஷா அல்லாஹ். உங்கள் வார்டுத் தாளை எப்போது ஒட்டப் போகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.